பாலியை லிம்ஃபோவால் வகுத்துப் பார்க்கிறவர்களுக்கு

போன இதழில் சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணிச் சொல்கிற ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி: நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால் வகுத்தால் வருகிற விகிதத்துக்கும் புற்றுநோயாளிகளின் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு. இரண்டும் வெள்ளை அணு வகைகள்; ரிப்போர்ட்டில் நூற்றுக்கு எத்தனை என்று பாலி (நியூட்ரோஃபில்), லிம்ஃபோ (லிம்ஃபோசைட்) என்ற பெயர்களில் இருக்கும். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி என்று பழைய வட ஆற்காடு முழுக்க எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இந்த முறை வேறு கேள்விகள் இல்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர் நான். மைக்ராஸ்கோப் வழியாகத் தெரிகிறவற்றை உறுதியாகச் சொல்வேன். மருந்து முடிவுகளை உங்கள் புற்றுநோய் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் நைனாவுக்கு வயது 62. இரைப்பையில் புற்று என்று போன மாதம் சொன்னார்கள். முதல் கீமோவுக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டில் பாலி 78, லிம்ஃபோ 13. என் தம்பி போனில் வகுத்துப் பார்த்து, "6 வருது, 4-க்கு மேல போனா ஆயுள் கம்மியாம்" என்றான். நைனா பக்கத்து அறையில் இருந்து கேட்டுவிட்டார். அதிலிருந்து கீமோ வேண்டாம், வீட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்கிறார். 6 என்றால் இன்னும் எவ்வளவு நாள், டாக்டர்?
— ஒரு மகள், குடியாத்தம்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 6 என்ற எண்ணை வைத்து நாள், மாதம், வருஷம் எதையும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது, வேறு யாராலும் முடியாது. இதை இன்றைக்கே நைனாவிடம் சொல்லிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

தம்பி சொன்ன அந்த 4 எங்கிருந்து வந்தது? 2014-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியானது. 100 ஆய்வுகள், 40,559 நோயாளிகள், பலவகைக் கட்டிப் புற்றுகள். ஒவ்வொரு ஆய்விலும் ஒரு எல்லைக் கோட்டைப் போட்டு, விகிதம் அதற்கு மேலே உள்ளவர்கள் ஒரு பக்கம், கீழே உள்ளவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்திருந்தார்கள். எல்லா ஆய்வுகளின் கோடுகளையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது 4. கோட்டுக்கு மேலே இருந்தவர்களின் இறப்பு அபாயம், கீழே இருந்தவர்களுடையதைப் போல 1.81 மடங்கு என்று கணக்கு வந்தது.

1.81 என்றதும் "அப்போ ஆயுள் பாதிதான்" என்று மனசு ஓடிவிடும். கணக்கு அப்படி வேலை செய்யாது. புரிவதற்காக ஒரு கற்பனை உதாரணம் போடுகிறேன். ஒரே மாதிரி நோய் உள்ள 100 பேர், விகிதம் குறைவு. ஒரு வருஷத்தில் அவர்களில் 10 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் அதிகமுள்ள இன்னொரு 100 பேரில் அதே ஒரு வருஷத்தில் சுமார் 17 பேர் இறப்பார்கள். 83 பேர் உயிரோடு இருப்பார்கள். நைனா அந்த 17-இல் ஒருவரா, 83-இல் ஒருவரா என்று கேட்டால் விகிதத்திடம் பதில் கிடையாது. கூட்டத்தைப் பற்றிய செய்தி அது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிய விஷயம். வீட்டில் உட்கார்ந்து கஞ்சி வேண்டாம் என்று தள்ளிவைக்கிற ஒரு மனிதருக்கு அதில் தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை.

இன்னொன்று, ரத்தம் எடுத்த அன்று நைனாவுக்கு வேறு என்ன இருந்தது? சளி, இருமல், சொத்தைப் பல்லில் சீழ், காலில் ஆறாத புண், கட்டுப்படாத சர்க்கரை, பீடி சிகரெட் பழக்கம், ராத்திரியெல்லாம் தூங்காத பதற்றம், இவற்றில் எது இருந்தாலும் நியூட்ரோஃபில் ஏறும். வயிற்று வலியோடு சரியாகச் சாப்பிடாமல் உடம்பு இளைத்திருந்தால் லிம்ஃபோசைட் இறங்கும். 6-இல் புற்றின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று ஒரே ஒரு ரிப்போர்ட்டிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். விகிதம் அதிகமாக இருந்தால் கீமோ கொடுத்துப் பயனில்லை என்று அந்தத் தொகுப்பாய்வு எங்கேயும் சொல்லவில்லை. நோயின் போக்கு எப்படி இருக்கக்கூடும் என்பது ஒரு கேள்வி. இந்த மருந்து இவருக்குக் கேட்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் நைனா படுத்துவிட்டார். இரைப்பைப் புற்றில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறவை வேறு: நோய் எந்த ஸ்டேஜ், அறுவை சிகிச்சை செய்து எடுக்க முடியுமா, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது, தன் வேலையைத் தானே செய்துகொள்கிறாரா, கட்டித் துணுக்கில் ஹெர்-2 புரதம் இருக்கிறதா. அடுத்த ஓபியில் இவற்றைக் கேளுங்கள். நைனாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். பக்கத்து அறையில் இருந்து காதில் விழுந்ததை மறுபடி டாக்டர் வாயால் நேராகக் கேட்டால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். தம்பியைத் திட்ட வேண்டாம். அப்பாவுக்காக ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்த பிள்ளை அவன்.

அம்மாவுக்கு ஒரே நாளில் இரண்டு இடத்தில் ரத்தம் எடுத்தோம். காலையில் எங்கள் ஊர் லேபில் பாலி 69, லிம்ஃபோ 25. சாயங்காலம் வேலூரில் பாலி 79, லிம்ஃபோ 15. வகுத்தால் ஒன்று 2.8, இன்னொன்று 5.3. எந்த லேப் தப்பு?
— வாசகர், வாலாஜாப்பேட்டை

இரண்டுமே தப்பில்லாமல் இருக்கலாம். இதை விளக்குவதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊதா மூடி போட்ட டியூபில் வந்த ரத்தத்தை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டிக் கலக்கி, கண்ணாடி ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சின்னச் சொட்டு வைப்போம். இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து அந்தச் சொட்டைத் தொட்டதும், ரத்தம் ஓரம் முழுக்கப் பரவும். உடனே ஒரே இழுப்பு. நடுவில் கை நின்றால் போச்சு, மறுபடி போட வேண்டும். காய்ந்த பிறகு லீஷ்மன் சாயம், அப்புறம் அதன் மேலேயே பஃபர் தண்ணீர், கழுவி நிமிர்த்தி வைத்தால் ஸ்மியர் ரெடி. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸை இறக்கிப் பார்த்தால் நியூட்ரோஃபில் இரண்டு, மூன்று, நான்கு கண்டமாகப் பிரிந்த கருவோடு இருக்கும். லிம்ஃபோசைட்டுக்கு உருண்டையான கரும்ஊதாக் கரு, சுற்றிலும் நீல நிறத்தில் மெல்லிய விளிம்பு. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் கவுண்டரில் அதற்குரிய பட்டனை அழுத்திக்கொண்டே போவோம். 100 ஆனதும் மணி அடிக்கும். பி 74, எல் 20, மீதி 6 என்று எழுதுவோம்.

ரத்தத்தில் கோடிக்கணக்கான வெள்ளை அணுக்கள் இருக்க, நாம் பார்த்தது 100. அதே ஸ்லைடில் கொஞ்சம் தள்ளி இன்னொரு 100 எண்ணினால் லிம்ஃபோ 15 என்றும் வரலாம், 25 என்றும் வரலாம். எண்ணியவர் கண்ணில் கோளாறு கிடையாது. 100 மட்டும் எண்ணினால் அந்த அளவு ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். மீதி 6 மாறாமல் இருந்தால் பாலி முறையே 79, 69 என்று ஆகும். வகுத்தால் 5.3, 2.8. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் இருக்கிற அதே எண்கள்தான். ஒரு கோட்டுக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று. ஆனால் ரத்தம் ஒன்றே.

ஆயிரக்கணக்கான அணுக்களை எண்ணுகிற இயந்திரத்தில் இந்த ஆட்டம் குறைவு. ஆனாலும் வேறு காரணங்கள் இருக்கின்றன. நியூட்ரோஃபிலும் லிம்ஃபோசைட்டும் காலையில் ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும். மாடி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து கொடுத்த ரத்தத்திலும் வித்தியாசம் தெரியும். நம் ஊர் வெயிலை வேறு சொல்லியாக வேண்டும். மே மாதத்தில் டியூபைச் சட்டைப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தால், ஸ்லைடு போடுவதற்குள் அணுக்கள் வீங்கிச் சிதைய ஆரம்பித்துவிடும். ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே லேப், ஏறக்குறைய ஒரே நேரம், காய்ச்சல் சளி இல்லாத நாள். ஒற்றை எண்ணுக்கு மதிப்பு குறைவு. மூன்று நான்கு ரிப்போர்ட்டை வரிசையாக வைத்தால் போக்கு தெரியும்.

வெள்ளை அணுதானே உடம்பின் காவல்? அது அதிகமானால் நல்லதுதானே? புற்றுநோயில் மட்டும் நியூட்ரோஃபில் ஏறினால் ஏன் கெட்ட செய்தி என்கிறீர்கள்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆரணி

ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. விகிதத்தை வகுத்துப் பார்க்கிறவர்கள் பலரும் இதைக் கேட்பதே இல்லை.

ஜெர்மானிய நோய்க்குறியியல் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ 1863-லேயே புற்றுக் கட்டிகளுக்குள் வெள்ளை அணுக்கள் குவிந்திருப்பதைக் கவனித்து, அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்றார். 1986-இல் ஹரால்ட் டுவோராக் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர், கட்டி என்பது ஆறாமலே போய்விட்ட புண் என்று எழுதினார். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். காயம் பட்டால் உடம்பு என்ன செய்யும்? நியூட்ரோஃபிலை அனுப்பும், புதிய ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும், செல்களைப் பெருகச் சொல்லும். காயம் ஆறியதும் எல்லாம் அடங்கிவிடும். புற்றில் அந்த அடங்கல் வருவதில்லை. கட்டியும் அதைச் சுற்றியுள்ள திசுவும் இன்டர்லூக்கின்-6, ஜி-சிஎஸ்எஃப் போன்ற பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. எலும்பு மஜ்ஜைக்கு "இன்னும் அனுப்பு" என்று உத்தரவு போய்க்கொண்டே இருக்கிறது. சாதாரண நாளிலேயே மஜ்ஜை சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில் செய்கிறது. அதற்கும் மேல் செய்யச் சொன்னால் செய்யும்.

வந்து சேர்கிற நியூட்ரோஃபில் கட்டியைத் தின்று தீர்த்தால் பரவாயில்லை. சில சமயம் அது புற்றுச் செல்லை எதிர்க்கவும் செய்கிறது. ஆனால் பல நேரங்களில் புதிய ரத்தக் குழாய் முளைக்க உதவுகிற பொருளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. தன் டிஎன்ஏவையே வலையாக வீசி, ரத்தத்தில் மிதந்து போகிற புற்றுச் செல் இன்னொரு இடத்தில் ஒட்டிக்கொள்ள வசதி செய்துகொடுக்கிறது. பக்கத்தில் வேலை செய்கிற லிம்ஃபோசைட்டை அடக்கவும் செய்கிறது.

புற்றுச் செல்லை அடையாளம் கண்டு குறிபார்த்துக் கொல்கிறது லிம்ஃபோசைட், அதிலும் குறிப்பாக டி-செல் வகை. உடம்பு நீண்ட நாள் நெருக்கடியில் இருந்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும், ஊட்டச்சத்து குறையும், லிம்ஃபோசைட் இறங்கும். ஆக மேலே இருக்கிற எண் அழற்சியின் அளவு, கீழே இருக்கிற எண் எதிர்ப்பின் அளவு. வகுத்தால் இரண்டுக்கும் இடையில் உள்ள சமநிலை தெரிகிறது. ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா நகரில் ஸாஹோரெட்ஸ் என்ற மருத்துவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த புற்றுநோயாளிகளைக் கவனித்து, பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கடும் தொற்றிலும் நியூட்ரோஃபில் ஏற லிம்ஃபோசைட் இறங்குவதைக் கண்டு, 2001-இல் இந்த விகிதத்தை எழுதினார். உடம்பு எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்று சட்டென்று பார்க்க ஒரு எளிய வழி என்றுதான் அதை முன்வைத்தார். புற்றுநோயாளிகளின் ஆயுளோடு அதைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

இது முழுக்கக் கட்டிப் புற்றுகளுக்கான விளக்கம். ரத்தப் புற்றில் வெள்ளை அணுவே நோய். அங்கே இந்த வகுத்தலுக்கு இந்த அர்த்தம் கிடையாது.

மனைவிக்கு மார்பகப் புற்று. முதல் கீமோவுக்கு முன் விகிதம் 2.5. கீமோவுக்கு மறுநாள் வேறு காரணத்துக்காக எடுத்த ரத்தத்தில் 11. நோய் ஒரே நாளில் இப்படி ஏறுமா?
— வாசகர், காட்பாடி

ஏறாது. வாந்தியும் அலர்ஜியும் வராமல் இருக்க, கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்திருப்பார்கள். டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள், இருக்கும்.

ரத்தக் குழாய்க்குள் இருக்கிற நியூட்ரோஃபில்களில் ஏறக்குறைய பாதி, ஓடாமல் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நம் பஸ் ஸ்டாண்டில் ஓரமாக நிற்கிற வண்டிகளைப் போல, ரோட்டில் நின்று எண்ணுகிறவர் கணக்கில் அவை வராது. ஸ்டீராய்டு போட்டதும் அவற்றில் பல கிளம்பி ஓட்டத்துக்கு வந்துவிடும். மஜ்ஜையிலிருந்தும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். அதே நேரத்தில் லிம்ஃபோசைட்டுகள் ரத்தத்தை விட்டு மஜ்ஜைக்கும் மற்ற திசுக்களுக்கும் ஒதுங்கும். மேலே உள்ள எண் ஏற, கீழே உள்ளது இறங்க, 11 வந்துவிட்டது. ஸ்டீராய்டு நின்று சில நாளில் இது அடங்கும். கவுண்ட் ஏற்றுவதற்காகப் போடுகிற ஊசிக்குப் பிறகும் இதே கதைதான். அந்த நாட்களில் எடுத்த ரத்தத்தை வகுத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை.

அண்ணனுக்குக் கீமோ முடிந்து பத்தாம் நாள் ரத்தம் எடுத்தோம். டோட்டல் கவுண்ட் 1,800, பாலி 40, லிம்ஃபோ 50. விகிதம் 0.8. மூன்று கீமோ முன்னால் 5 இருந்தது. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம். லேசாக உடம்பு சுடுகிறது, அது கீமோவால்தானே?
— வாசகி, ஆற்காடு

அம்மா, உங்கள் கடிதத்தில் இருந்த போன் நம்பருக்கு அன்றே பேசிவிட்டேன். அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தேறி, வீடு திரும்பியதையும் நீங்களே சொன்னீர்கள். இதை இங்கே அச்சிடுவது மற்ற வீடுகளுக்காக.

டோட்டல் கவுண்ட் என்பது மொத்த வெள்ளை அணு எண்ணிக்கை. 1,800-இல் 40 சதவீதம் என்றால் 720. கிருமியோடு முதல் ஆளாகப் போய் மோதுகிற நியூட்ரோஃபில், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இருப்பது அவ்வளவுதான். 1,500-க்குக் கீழே போனாலே பெரும்பாலும் அடுத்த கீமோவைத் தள்ளிப்போடுவார்கள். 500-க்குக் கீழே போனால் பெரிய ஆபத்து, அந்தப் பத்தாம் நாளை ஒட்டி இன்னும் இறங்கவும் கூடும். கீமோ முடிந்து ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைதான் பெரும்பாலான மருந்துகளில் கவுண்ட் அடியில் கிடக்கும். விகிதம் 0.8 ஆனதற்குக் காரணம் நியூட்ரோஃபில் காலியானது. நோய் குறைந்ததற்கு அது சாட்சி ஆகாது.

கீமோ எடுக்கிறவர் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருந்தே ஆக வேண்டும். 100.4 டிகிரி காட்டினால் அது அவசரம். பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. மாத்திரை சூட்டை மறைக்கும். கிருமி உள்ளே வேலையைத் தொடரும். நியூட்ரோஃபில் இல்லாத உடம்பில் சீழ்கூடப் பிடிக்காது, சிவந்து வீங்காது, வெளியே ஒன்றுமே தெரியாது. பல சமயம் காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். ஆஸ்பத்திரி வாசலைத் தொட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது டாக்டர்கள் தங்களுக்கு வைத்திருக்கிற இலக்கு. அந்த அவசரத்தை நாமும் வீட்டிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

வகுத்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள்: பெருக்கிப் பாருங்கள். டோட்டல் கவுண்டை பாலி சதவீதத்தால் பெருக்குங்கள். அன்றைய ராத்திரி உயிரைக் காக்கிற கணக்கு அதுதான்.

நான் தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வயது 38. கம்பெனி செக்கப்பில் விகிதம் 3.4. எனக்குப் புற்று இருக்குமா?
— வாசகர், பேர்ணாம்பட்டு

இந்த எண்ணை வைத்துப் புற்றைக் கண்டுபிடிக்க முடியாது, தம்பி. ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோருக்கு 1-இலிருந்து 3 வரை இருக்கும். ஒரு சளி பிடித்தாலே 3.4 வரும். புகைப் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள், ஆறாத புண்ணோ விடாத இருமலோ எடைக் குறைவோ இருந்தால் டாக்டரைப் பாருங்கள். விகிதத்துக்காக ஸ்கேன் எடுக்க வேண்டாம்.

அப்பாவுக்கு நுரையீரல் புற்று. லிம்ஃபோசைட்டை ஏற்றி விகிதத்தை இறக்கும் என்று ஒரு பொடி விற்கிறார்கள், மாதம் 9,000 ரூபாய். பப்பாளி இலைச் சாறும் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
— ஒரு மகன், ஆம்பூர்

கொடுக்க வேண்டாம். அந்த 9,000 ரூபாய்க்கு முட்டை, பால், பருப்பு, மீன் வாங்குங்கள். அப்பா சாப்பிடுகிற அளவு கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஆறு வேளையாகக் கொடுங்கள். எடை இறங்காமல் பிடித்து நிறுத்துவது, இந்த விகிதத்தைப் பற்றிக் கவலைப்படுகிற எந்தக் குடும்பமும் செய்யக்கூடிய நல்ல காரியம்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இது. ஒரு எண்ணை மாற்றினால் நோயை மாற்றியதாக ஆகாது. காட்பாடி, ஆற்காடு கடிதங்களில் பார்த்தீர்களே, ஒரு டோஸ் ஸ்டீராய்டில் எண் 11-க்குப் போகிறது, கீமோவில் 0.8-க்கு வருகிறது, இரண்டிலும் அந்த எண் கட்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. கீமோ மருந்துகளில் பலவற்றை வெளியேற்றுவது கல்லீரல். அதன் மேல் பெயர் தெரியாத பொடியையும் ஏற்றினால், கல்லீரல் ரிப்போர்ட் கெட்டு, கீமோவைத் தள்ளிப்போட வேண்டி வரும். கவுண்ட் குறைந்த நாட்களில் பச்சையாக அரைத்த சாறு எதுவுமே வேண்டாம். இலையில் இருக்கிற கிருமி நேரே உள்ளே போகும். பப்பாளி இலை டெங்குவில் பிளேட்லெட்டுக்காக நம் ஊரில் பழகிப்போனது. இங்கே அதற்கு வேலை இல்லை.

நான் நர்சிங் படிக்கிறேன். இவ்வளவு ஆய்வுகள் இருந்தும் ரிப்போர்ட்டில் ஏன் இந்த விகிதத்தை அச்சிடுவதில்லை? பிளேட்லெட், மோனோசைட் விகிதங்களும் உண்டாமே? டாக்டர்கள் உண்மையிலேயே இவற்றைப் பயன்படுத்துகிறார்களா?
— மாணவி, சத்துவாச்சாரி

பயன்படுத்துகிறார்கள், ஆனால் தனியாக இல்லை. பரவிய சிறுநீரகப் புற்றுக்கு 2009-இல் வந்த ஒரு மதிப்பெண் முறையில் ஆறு அம்சங்கள் உண்டு. நியூட்ரோஃபில் அதிகம், பிளேட்லெட் அதிகம், ஹீமோகுளோபின் குறைவு என்று ஆறில் மூன்று சாதாரண சிபிசியிலிருந்தே வருகின்றன. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுக்கு 1998-இல் வந்த ஏழு அம்ச மதிப்பெண்ணில் லிம்ஃபோசைட் 600-க்குக் கீழ் அல்லது 8 சதவீதத்துக்குக் கீழ் என்பது ஒன்று. உடம்பின் எதிர்ப்புசக்தியைப் புற்றுக்கு எதிராகத் தூண்டுகிற மருந்துகளைப் புதிதாகச் சோதிக்கும் ஆய்வுகளில் நோயாளியைத் தேர்ந்தெடுக்க உதவும் என்று, நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதம் 6-க்கு மேல், ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் 3.5-க்குக் கீழ், எல்டிஎச் என்ற நொதி அதிகம் என்ற மூன்றையும் சேர்த்து ஒரு மதிப்பெண்ணை பிரான்சில் உருவாக்கினார்கள். பார்த்தீர்களா, எங்குமே விகிதம் தனி ஆளாக நின்று பேசவில்லை.

ரிப்போர்ட்டில் அச்சிடாததற்குக் காரணம், எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே கோடு இல்லாதது. ஒரு ஆய்வு 2.5 என்கிறது, இன்னொன்று 5 என்கிறது. தன் நோயாளிகளிடமே எந்தக் கோடு நன்றாகப் பிரிக்கிறது என்று தேடி, அதையே முடிவாக எழுதினால் வித்தியாசம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். பெரும்பாலான ஆய்வுகள் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிச் செய்தவை. வித்தியாசம் தெரியாத ஆய்வுகள் அச்சேறுவதும் குறைவு. அதற்காகத் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இத்தனை வகைப் புற்றுகளில், இத்தனை நாடுகளில், ஒரே திசையில் விடை வருகிறதென்றால் உள்ளே உண்மை இருக்கிறது. அதோடு, இது செலவே இல்லாத பரிசோதனை. நீங்கள் படிக்கிற தலைமுறையில் இது ஒழுங்கான இடத்துக்கு வரும் என்று நம்புகிறேன்.

பிளேட்லெட்டை லிம்ஃபோசைட்டால் வகுப்பதற்கும் அடிப்படை உண்டு. அதே இன்டர்லூக்கின்-6 கல்லீரலைத் தூண்டி, பிளேட்லெட் உற்பத்திக்கான ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கிறது. பிளேட்லெட்டுகள் ரத்தத்தில் போகிற புற்றுச் செல்லைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, எதிர்ப்பு அணுக்கள் கண்ணில் படாமல் மறைக்கின்றன. ஆனால் நம் பக்கத்துப் பெண்களிடம் இதைப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகையிலும் பிளேட்லெட் ஏறும். ஹீமோகுளோபின் 8 உள்ள ஒரு அம்மாவின் பிளேட்லெட் 5 லட்சம் என்றால், முதலில் இரும்பைப் பாருங்கள். லிம்ஃபோசைட்டை மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளை அணு வகையால் வகுக்கும்போது எண் குறைந்தால் கெட்ட அறிகுறி, இதன் திசை தலைகீழ். பரீட்சையில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

காந்தி ரோடு பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள், ரிப்போர்ட்டைப் போனில் காட்டி "இது நல்லதா கெட்டதா" என்று என்னைக் கேட்கிறார்கள். சிலர் இந்த விகிதத்தைச் சொல்லி அழுகிறார்கள். நான் என்ன சொல்ல?
— வாசகர், வேலூர்

விகிதத்தைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். "டாக்டரிடம் கேளுங்கள், இதை வைத்து ஆயுள் சொல்ல முடியாதாம்" என்பது போதும். ஊரும் மொழியும் புதிதான இடத்தில் உங்களை நம்பி ஒருவர் போனை நீட்டுகிறார், அந்த நம்பிக்கைக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி வேறொன்று இருக்கிறது. கீமோ முடிந்து அறைக்கு வந்தவர்களிடம் தினமும் ஒரு தடவை காய்ச்சல் உண்டா என்று கேளுங்கள். ரிசப்ஷனில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருங்கள், துடைக்க ஸ்பிரிட்டும் பஞ்சும். அறைத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்க ஒரு ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது.

ராத்திரி வரத் தயங்காத ஆட்டோக்காரர் இருவரின் நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 100.4 காட்டினால், எத்தனை மணியானாலும் கிளப்பிவிடுங்கள். கீமோ கொடுத்த தாளைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எமர்ஜென்சி கவுண்டரில் பெயர் சொல்வதற்கு முன்பே, கீமோ முடிந்து இத்தனையாம் நாள், காய்ச்சல் என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதை ஒரு துண்டுச் சீட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.